தொங்கும் விலா எலும்புகள்

போன மார்ச் மாதம் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்குக் கட்டப்போகிற புதுக் கோயிலின் 'எலிவேஷன்'. இரண்டு கோபுரங்கள், நடுவில் பெரிய வட்டக் கண்ணாடி, வரிசையாகக் கூர்நுனி வளைவுகள். பின்னணியில் எங்கள் ஊரில் ஒருநாளும் பார்த்திராத ஒரு நீல வானம். வாசலில் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் நாலு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். மென்பொருளோடு இலவசமாக வருகிற மனிதர்கள் அவர்கள். கீழே மாமாவின் குரல் பதிவு: "மாப்ள, நீ இன்ஜினியர்தானே, பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

நான் எலக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்து கோடு எழுதுகிறவன். சிமெண்டுக்கும் எனக்கும் உள்ள உறவு முதலாம் ஆண்டு 'சிவில்' பாடத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் பங்குப் பேரவையில் இருக்கும் மாமாவுக்கு இன்ஜினியர் என்றால் இன்ஜினியர். "நல்லா இருக்கு மாமா" என்று அனுப்பிவிட்டேன். அது பொய். அன்றிலிருந்து இந்தக் கட்டுரை மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எது உறுத்தியது என்று எனக்கே உடனே பிடிபடவில்லை. 'காப்பி அடித்திருக்கிறார்கள்' என்பதுதான் முதலில் தோன்றியது. அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. எனக்குப் பிடித்த தேவாலயங்களில் பாதி காப்பிதான். ஒவ்வொரு செப்டம்பரிலும் அம்மாவோடு போகும் சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்கா 1882இல் கட்டி முடித்த கோதிக் பாணிக் கட்டடம். அதன் வண்ணக் கண்ணாடிகளை இரண்டாம் உலகப் போரின்போது கழற்றிப் பத்திரப்படுத்தி 1947இல் திரும்ப மாட்டினார்கள். அந்தக் கண்ணாடி வழியாக விழும் வெளிச்சத்தில் சேலை கட்டிய மாதாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கோதிக் ஐரோப்பாவுக்குத்தான் சொந்தம் என்று சொல்ல வாய் வராது.

மானாமதுரைக்குப் பக்கத்தில் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயமும் அப்படித்தான். பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து 1894இல் கட்டியது. ரெய்ம்ஸ் கல்லால் ஆனது. வைகைக்கரையில் அந்தக் கல்லுக்கு எங்கே போவது? அச்சில் வார்த்துச் சுட்ட செங்கல்லாலும் சுடுமண்ணாலும் அதே உருவங்களைச் செய்துவிட்டார்கள். கடம் செய்கிற மண்ணுக்குப் பேர்போன வட்டாரம் அது. அங்கே போய் நின்றபோது ரெய்ம்ஸ் எனக்கு நினைவுக்கே வரவில்லை. 'இந்த மண்ணில் இவ்வளவு முடியுமா' என்றுதான் தோன்றியது.

அப்படியென்றால் மாமா அனுப்பிய படத்தில் என்ன கோளாறு? பதில் அதன் உள் அலங்காரப் படத்தில் கிடைத்தது. மேலே கூரையில் விலா எலும்புபோல வளைவுகள் ஓடிக் குறுக்கே சந்தித்துக்கொண்டன. ஓரத்தில் சின்ன எழுத்தில் 'பி.ஓ.பி. ஃபால்ஸ் சீலிங்' என்று இருந்தது.

கோதிக் என்பது அடிப்படையில் ஒரு கணக்கு. கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. எனவே கல்லை வளைவாக அடுக்கி எல்லாச் சுமையையும் அமுக்கமாகவே கீழே அனுப்ப வேண்டும். அரைவட்ட வளைவு சுவரைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். நுனியைக் கூராக்கினால் சுமை செங்குத்தாக இறங்கும், தள்ளல் குறையும். மீதித் தள்ளலை வெளியிலிருந்து முட்டுக்கொடுக்கும் கைகள் வாங்கிக்கொள்ளும். கூரையின் எடை விலா வளைவுகள் வழியாகத் தூண்களில் இறங்கிவிடுவதால், நடுவிலிருக்கும் சுவருக்குச் சுமக்கும் வேலை பெரிதாக இல்லை. அங்கே கண்ணாடி வைக்கலாம். நாம் பக்தி என்று உணர்கிற அந்த வெளிச்சம் ஒரு கணக்கின் விடை.

எங்கள் புதுக் கோயிலில் ஆர்.சி.சி. தூண், பீம், ஸ்லாப் என்று ஒரு பெட்டி. எல்லாச் சுமையையும் கம்பியும் கான்கிரீட்டும் எடுத்துக்கொள்கின்றன. அந்த ஸ்லாபில் துளை போட்டு, ஜி.ஐ. கம்பி இறக்கி, அதில் ஜிப்சம் விலா எலும்புகளைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். எண்ணூறு வருஷத்துக்கு முன் கூரையைச் சுமந்த எலும்பு, இப்போது கூரையால் சுமக்கப்படுகிறது. எங்கள் மொழியில் சொன்னால், யாரும் அழைக்காத ஒரு ஃபங்ஷன். நீக்கினாலும் புரோகிராம் ஓடும்.

இதையே 'நேர்மை' என்ற அளவுகோலாக்கிச் 'சுமக்காத எதுவும் பொய்' என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் போய் நின்றபோது அது உடைந்தது. உள்ளூரில் 'கிர்க்' என்பார்கள். 1818இல் தொடங்கி 1821இல் முடிந்தது. கட்டியவர் தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர். முகப்பு, கோபுரம் எல்லாம் லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் சாயல். உள்ளே போனால் நீளக் கூடம் இல்லை, வட்டம். பதினாறு தூண்களின் மேல் ஆழ்ந்த நீலத்தில் ஒரு குவிமாடம். பழைய மெட்ராஸ் கட்டடங்களில் பளிங்குபோல மின்னுகிற தூண்கள் பலவும் செங்கல்லுக்கு மேல் மெருகேற்றிய சுண்ணாம்புச் சாந்துதான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு. நேர்மை அளவுகோலின்படி அந்த நகரமே பொய் சொல்கிறது. ஆனாலும் அந்த நீலத்தின் கீழ் நின்றபோது எனக்குப் பேச வாய் வரவில்லை.

கிர்க்கின் பெரிய அதிசயம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அது ஈரக் களிமண் நிலம். அவ்வளவு எடையை அப்படியே வைத்தால் அமிழ்ந்துவிடும். டி ஹாவிலண்ட் நம் ஊர் முறைப்படி வட்ட வட்டமாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் தேவாலயத்தை உட்கார வைத்தார். லண்டன் மாதிரியை எடுத்தவர், மெட்ராஸ் மண்ணிடம் வந்ததும் மெட்ராஸ் கிணறுவெட்டியின் அறிவை எடுத்துக்கொண்டார். அதற்குச் சில வருஷம் முன்பு, நம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், காவிரிக்குச் செங்கல் வளைவுப் பாலம் போடலாம் என்று இதே ஆள் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மனுஷன் தன் தோட்டத்திலேயே நூறு அடிக்கு மேல் அகலத்தில் ஒற்றை வளைவைக் கட்டிக் காட்டினார். பாலம் வரவில்லை. வளைவு மட்டும் 1930கள் வரை ஆற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. டெமோ காட்டிய பிறகும் அப்ரூவல் கிடைக்காத என் சகபாடிகள் எல்லோரும் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, அளவுகோல் நேர்மை இல்லை. இந்த இடத்துக்கே உரிய ஏதாவது ஒரு சிக்கலை இந்தக் கட்டடம் தன் சிக்கலாக எடுத்துக்கொண்டதா என்பதுதான். இடைக்காட்டூருக்குக் கல் இல்லை, எழும்பூருக்கு மண் உறுதியில்லை. எங்கள் ஊரின் சிக்கல் என்ன?

பழைய கோயிலைச் சொல்ல வேண்டும். அது ஒன்றும் சரித்திரச் சின்னம் இல்லை, எந்தப் பட்டியலிலும் வராது. தடித்த சுவர், ஓட்டுக் கூரை. எங்கள் பக்கத்து வயல்வேலியில் நிற்கும் அதே கல்தூண்கள், கொஞ்சம் பெரிதாக, தாழ்வாரத்தைத் தாங்குகின்றன. தரையும் கல்தான். பெஞ்சு கிடையாது, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காருவோம். மே மாதத்தில் அந்தத் தரை சுகம். டிசம்பரில், மூவாயிரம் அடி உயரத்து எங்கள் குளிரில், கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்கு ஜமுக்காளம் இல்லாமல் உட்கார முடியாது. சாமியார் பிரசங்கத்தை நீட்டினால் பாட்டிகள் இருமியே முடித்துவைப்பார்கள்.

நூற்றைம்பது பேர் உட்காரலாம். ஓசூர் சிப்காட் வளர வளர, தெற்கு மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் இந்தப் பக்கமெல்லாம் குடியேறின. இப்போது ஞாயிற்றுக்கிழமை பாதிப்பேர் ரோட்டில் நிற்கிறார்கள். பைக் ஹாரனுக்கு நடுவே நன்மை வாங்குகிறார்கள். மழை வந்தால் எதிர்க் கடைத் திண்ணை. பழசை இடிக்காதே என்று பெங்களூரிலிருந்து சொல்வது எனக்கு எளிது, நான் மாசத்துக்கு ஒருமுறை வருகிறவன். மாமாவின் சிக்கல் உண்மையானது. அந்த எலிவேஷன் அதைத் தீர்க்கிறதா என்பதுதான் கேள்வி.

நீளமான கூடம், கடைசி வரிசையிலிருந்து பீடம் தெரியாது, அதற்கு எல்.இ.டி. திரை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு குருவானவர் மக்களைப் பார்த்து நின்று பூசை வைக்கிறார், எல்லோரும் பீடத்தைச் சூழ்ந்து நிற்க வேண்டும் என்பதே எண்ணம். அறுபது வருஷம் ஆகிறது. எங்கள் வரைபடத்துக்கு மட்டும் செய்தி வந்து சேரவில்லை.

காசு இல்லாததால் இப்படி என்றும் சொல்ல முடியாது. பாரிஸுக்குப் பக்கத்தில் ரான்சியில், முதல் உலகப் போர் முடிந்த கையோடு, கல்லுக்குப் பணம் இல்லாத ஒரு பங்கு ஒகுஸ்த் பெரேயிடம் போனது. 1923க்குள் கான்கிரீட்டை மறைக்காமலே ஒரு தேவாலயம் கட்டிக் கொடுத்தார். மெல்லிய தூண்கள், மெல்லிய ஓட்டுக் கூரை, சுவருக்குப் பதில் கான்கிரீட் சல்லடையில் வண்ணக் கண்ணாடி. கூர்நுனி வளைவு ஒன்றுகூட இல்லாமல் கோதிக்கின் வெளிச்சம் அங்கே வந்துவிட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் லாரி பேக்கரின் லயோலா சிற்றாலயம் இன்னும் நமக்குப் பக்கம். இரட்டைச் செங்கல் சுவர், அதில் தரையிலிருந்து கூரைவரை ஜாலித் துளைகள். காற்றும் வெளிச்சமும் அதன் வழியே வந்துவிடும்.

இன்ஸ்டாகிராமில் எல்லோரும் பகிர்கிற ததாவ் அண்டோவின் 'ஒளியின் தேவாலயம்' (1989) பற்றியும் ஒரு வார்த்தை. பீடத்துக்குப் பின்னால் கான்கிரீட் சுவரைச் சிலுவையாக வெட்டி வெளிச்சத்தை விட்டிருப்பார். அந்தப் பிளவில் கண்ணாடியே வேண்டாம் என்பது அண்டோவின் ஆசை. சபையார் குளிருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கண்ணாடி வந்தது. எனக்கு அந்தச் சபையாரைப் பிடிக்கும். எங்கள் ஊரில் அதைச் செய்தால் ஒரே வாரத்தில் புறா கூடு கட்டிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமாவோடு கோயில் பின்பக்கம் நின்றேன். பழசை அப்படியே வைத்து ஞானஸ்நானத்துக்கும் தனி ஜெபத்துக்கும் விட்டுவிடலாம், பின்னாலிருக்கும் காலியிடத்தில் அகலமாக, பீடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் உட்காரும்படி, செங்கல்லும் நம்மூர்க் கல்லும் வைத்துக் கட்டலாம் என்றேன். மாமா கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் சொல்ற. ஆனா ஜனங்க காசு கொடுக்கிறது கோபுரத்துக்கு, மாப்ள. ஓசூர்ல இருக்கிறவன் ஊருக்குப் போயி, எங்க கோயில் இப்படி இருக்குன்னு போட்டோ காட்டணும். ரோட்ல நின்னு பூசை பார்க்கிறவனுக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா?"

எனக்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி மாமா, கோபுரம் இருக்கட்டும். அந்த ஃபால்ஸ் சீலிங்கை மட்டும் எடுத்துட்டா எவ்ளோ மிச்சமாகும்?" என்றேன்.

மாமா சட்டைப் பையிலிருந்து எஸ்டிமேட்டை எடுத்தார். மடித்து மடித்து நைந்துபோன தாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். ஓர் இடத்தில் நின்று, "இவ்ளோவா?" என்றார். பழைய கோயிலின் கல்தூணில் தாளை வைத்து, பேனா கேட்டார்.