‘எரியும் பனிக்காடு’ நாவலில் நோயும் இனமும்

தோட்டத் தொழிலாளரைப் பற்றி எழுந்த கதைகளில் நோய் பெரும்பாலும் ஊழின் வடிவிலேயே வந்து நிற்கும். காய்ச்சல் வரும், பிள்ளை இறக்கும், தாய் அழுவாள், படிப்போர் கண்ணீர் உகுப்பர். ‘எரியும் பனிக்காடு’ இவ்வழக்கினின்று விலகிய நாவல். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் மருத்துவராயிருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வெளியிட்ட இக்கதையை, இரா. முருகவேள் 2007-ல் தமிழாக்கினார். 2013-ல் வந்த ‘பரதேசி’ திரைப்படத்திற்கு மூலம் இதுவே. படம் பார்த்தோர் நூலையும் படித்துவிட்டதாக எண்ணலாகாது.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் சொல்லை நம்பி மலையேறுகின்றனர். முன்பணம் அவர்களைக் கட்டிப்போடுகிறது. அங்கே மக்களை வாரிக்கொண்டுபோகும் மலைக்காய்ச்சலை ஆசிரியர் தனியே எடுத்துக் கூறுவதில்லை. கடன், குளிர், நெரிசலான அறை, அரைவயிற்றுக் கஞ்சி ஆகியவற்றோடு பிணைத்தே கூறுகிறார். கொசு எல்லோரையுந்தான் கடிக்கும். ஆயின் துரையின் பங்களாவில் அது காய்ச்சல். லயத்தில் அது சாவு. இவ்வேற்றுமை தொழிலாளரின் குருதியில் உள்ளதன்று, கணக்கேட்டில் உள்ளது என்பதை இவ்வளவு விளக்கமாகக் காட்டிய தோட்டத்துக் கதைகள் மிகச் சில.

மலாயாவிலும் இவ்வுண்மை மெய்ப்பட்டது. 1901-ல் கிள்ளானில் பணியேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடியச் செய்து மலேரியாவைக் குறைத்தார். மக்களின் உடல்வாகு மாறவில்லை. நிலம் மாறியது, இறப்புக் குறைந்தது.

சித்தியவான் வட்டாரத்தில் பால்மரம் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. மலைக்காய்ச்சல் போய் நீரிழிவு வந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் நீரிழிவுடையோர் நூற்றுக்கு 18.3, இந்தியரில் 31.4. உடனே, “அது நம் இனத்து நோய்” என்று சொல்லி வாளாவிருக்கும் வழக்கம் படித்தவரிடையேயும் உண்டு. மரபும் ஒரு காரணம் என மருத்துவர் கூறுவர், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வருவாய் என்ன, உணவு என்ன, நோயைச் சோதிக்கும் மருந்தகம் எவ்வளவு தொலைவு என்ற கேள்விகளும் உள்ளன. இனத்தின் பெயரைச் சொன்னதும் இக்கேள்விகள் வாயடைத்துப் போகின்றன. இந்நாவலை இன்று படிப்போருக்கு அவை மீண்டும் எழும்.

குறையும் உண்டு. மருத்துவர் ஆபிரகாம் வந்தபின் கதையின் பார்வை அவர் பக்கம் சாய்கிறது. அதுவரை பேசிய தொழிலாளர் மெல்ல நோயாளிகளாகின்றனர். அவர்கள் பொருட்டுப் பேசுபவர் அவர் ஒருவராகிறார். ஆசிரியர் தம் அனுபவத்தை எழுதினார், அதனால் இது இயல்பே எனலாம். ஆயினும் தீர்வு முழுவதும் ஒரு நல்லவரின் தோளில் ஏற்றப்படுகிறது. இது எத்துணை நிலையற்றது என்பதைப் பேராக் தோட்டங்களின் முதியோர் அறிவர். பெரிய டாக்டர் எப்போதோ வந்து போவார். அன்றாட மருத்துவம் டிரசர் கையில். நல்ல டிரசர் வாய்த்த தோட்டத்தில் பிள்ளைகள் பிழைத்தன. அவர் மாற்றலாகிப் போனால் மருத்துவமும் அவரோடு போயிற்று. ஆபிரகாமுக்குப் பின் அந்த மலைக்கு யார் வருவார் என்பதை நாவல் கேட்கவில்லை.