ஓட்டுநருக்கு மட்டுமா குறள்?

தருமபுரியிலிருந்து சேலம் போகும் அரசுப் பேருந்து தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, கம்பியைப் பிடித்து நிற்பவருக்கு வள்ளுவர் துணை உண்டு. படம், பக்கத்தில் ஒரு குறள், பொடி எழுத்தில் பொருள். 1967-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின், போக்குவரத்தைக் கவனித்த அமைச்சர் மு. கருணாநிதி காலத்தில் பரவிய வழக்கம் இது.

இதன் பயனைக் குறைத்துச் சொல்ல முடியாது. புலவர் வீட்டு அலமாரியில் இருந்த நூல், தக்காளிக் கூடையோடு சந்தைக்குப் போகிறவரின் கண்ணெதிரே வந்துவிட்டது. ஏழே சீர் என்பதால் அடுத்த நிறுத்தத்துக்குள் படித்துவிடலாம். அதே வண்டியில் நாலு தடவை போனால் மனப்பாடமே ஆகிவிடும். பள்ளியைப் பாதியில் விட்டவருக்கும் கட்டணமில்லாமல் கிடைக்கிற பாடம். பழைய ஞானி ஒருவரை இவ்வளவு பேரிடம் இவ்வளவு எளிதாகக் கொண்டுசேர்த்த ஏற்பாடு உலகில் வேறெங்கும் இருந்தால் ஆச்சரியம்தான்.

கோளாறு எங்கே என்றால், எந்தக் குறளை எடுக்கிறோம் என்பதில். இனிமையாகப் பேசு, சினம் அடக்கு, முயற்சி செய் என்று தனி ஆளைத் திருத்தும் குறள்களே பொதுச் சுவர்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஆள்கிறவனையும் அவனுடைய அமைச்சனையும் நிறுத்திவைத்துப் பேசுகிறது. அந்த வள்ளுவர் பேருந்து ஏறுவது அபூர்வம்.

வலியறிதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மயிலிறகானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிற கருத்து அதில்தான் வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் லாரிக்காரருக்குச் சொன்னது போலிருக்கும்; சொன்னது படை நடத்தப் போகும் அரசனுக்கு. தொப்பூரில் லாரிக்காரர், ஆள்கிறவர் இரண்டு பேருக்குமே அது தேவை. பாரம் ஏற்றிய லாரியை டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால், இன்ஜினின் பிடி போய், சுமை முழுவதும் பிரேக்கில் விழுகிறது. டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகிறது. இது ஓட்டுநரின் தவறுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சரிவையும் வளைவையும் அவர் போடவில்லை. 2024 ஜனவரியில் அங்கே லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதித் தீப்பற்றியதில் 4 பேர் இறந்தார்கள். கணவாய்க்கான 6.6 கி.மீ. உயர்மட்டச் சாலைத் திட்டம் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். அந்தச் சாலை வரும்வரை எச்சரிக்கை எல்லாம் ஓட்டுநருக்கே.

ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸுக்கும் வள்ளுவரின் கதிதான். அதிகாரத்தில் இருப்பவர் தன்னைத்தானே கண்டித்து எழுதிக்கொண்ட குறிப்புகள், இன்று ஊழியர்களுக்குப் பொறுமை போதிக்கும் வாசகங்களாகச் சுற்றுகின்றன.

பள்ளிகளில் நிலைமை சற்று மேல். 2016-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபின், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை குறள் பரவலாகப் பாடத்தில் சேர்ந்தது. 1330-ஐயும் ஒப்பிக்கும் மாணவருக்கு அரசு பரிசும் தருகிறது. நல்ல உழைப்புக்கு நல்ல மரியாதை. இருந்தாலும் பரிசு நினைவாற்றலுக்குத்தான். ஒரு குறளை எதிர்த்துக் கேள்வி கேட்கும் பிள்ளைக்கு அதில் இடமில்லை.

பேருந்துக் குறள் அப்படியே இருக்கட்டும். கூடவே வலியறிதலின் பத்துக் குறளையும் உரையோடு, சாலைத் திட்டங்களுக்குக் கையெழுத்திடும் அதிகாரிகளின் மேசைக்கு எதிர்ச்சுவரில் எழுதிவைக்க வேண்டும்.