ஓடும் வரைபடமும் நகரும் எல்லையும்: ஓசூரிலிருந்து ஓர் ஒப்பீடு

காலப்போக்கில் மாறும் ஒன்றைத் திரையில் ஓடவிட்டுக் காட்டுவது அசைவூட்ட வரைபடம். 1959இலேயே புவியியலாளர் நார்மன் த்ரோவர் இதைப் பற்றி எழுதினார். 1970இல் வால்டோ டோப்ளர் டெட்ராய்ட் வட்டாரத்தின் வளர்ச்சியைக் கணினிப் படமாக ஓட்டிக் காட்டினார். இன்று அதற்கான கருவி இலவசம்: கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 3.14 பதிப்பு (2020) முதல் காலக் கட்டுப்பாட்டுப் பலகை உள்ளேயே இருக்கிறது. பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும். ஓடுகின்ற தரவு நம்பத்தக்கதா என்று சோதிக்கப் பழக்குவதுதான் நீண்ட வேலை.

இந்தியாவில் இந்தப் பயிற்சி பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது: டேராடூனின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம், ஹைதராபாத்தில் இந்திய நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனம், 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியின் வழிவந்த கிண்டி பொறியியல் கல்லூரி, பல்கலைக்கழகப் புவியியல் துறைகள். இலங்கை சிறியது. 1800இல் தோன்றிய நில அளவைத் திணைக்களமே தியத்தலாவையில் பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் தனிப் பீடம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியற்றுறை உண்டு.

தமிழக மாணவருக்கு ஓசூரைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் வந்தது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972இல் தொடங்கின. ஆகவே ஆலைகளுக்கு முந்தைய நிலத்தையும் பிந்தைய நிலத்தையும் ஒரே வரிசையில் ஓட்டலாம். ஆனால் தொடக்கக் காலப் படங்களின் நுணுக்கம் ஏறக்குறைய 80 மீட்டர். 1980களில் அது 30 மீட்டரானது. அந்த மாற்றம் நிகழும் சட்டகத்தில் (ஓடும் படத்தின் ஒரு காட்சியில்) ஊர் திடீரென வளர்ந்ததுபோல் தோன்றும். ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களின் வெள்ளைக் கூரையை ஆலைக் கூரை என்று கணினி எண்ணிவிடும். கோடையில் வெறுமையாகக் கிடக்கும் செம்மண் வயலும் கட்டடக் கணக்கில் சேர்ந்துவிடும். படங்களை ஒரே பருவத்தில் தேர்ந்தெடுப்பதும், ஐயமுள்ள இடங்களை நேரில் போய்ப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

மக்கள்தொகையை ஓட்டும்போது சிக்கல் வேறு. ஓசூர் அடங்கிய இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதி 1961 கணக்கெடுப்பில் சேலத்தில் இருந்தது. 1965இல் தருமபுரி பிரிந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. மாவட்ட அட்டவணையை அப்படியே ஊட்டினால், ஆட்கள் இடம்பெயராமலேயே தருமபுரியில் லட்சக்கணக்கானோர் மறைந்ததுபோல் படம் காட்டும். வருவாய்க் கிராம அளவில் தரவைத் திரட்டி, இன்றைய எல்லைக்குள் மறுபடி கூட்டினால்தான் படம் நேர்மையாகும். மாநில எல்லையும் அப்படித்தான். தமிழக எல்லையிலுள்ள ஜூஜூவாடியோடு வரைபடத்தை நிறுத்திவிட்டால், பெங்களூரு நெடுஞ்சாலை வழியே அத்திப்பள்ளியைத் தாண்டி வரும் வளர்ச்சி ஓசூரில் தானாக முளைத்ததாகிவிடும். கர்நாடகத்தின் ஆனேக்கல் தாலுகாவும் படத்தில் இருந்தாக வேண்டும்.

இலங்கைத் தீவுக்கு இந்த ஓரச் சிக்கல் இல்லை. அங்கே நடுவில் ஓட்டை விழுகிறது. 1981க்குப் பின் 2001வரை குடிசன மதிப்பீடு இல்லை. உள்நாட்டுப் போரினால் 2001இலும் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எடுக்கப்பட்டது. வடக்கு, கிழக்கின் ஏழு மாவட்டங்களில் முடியவில்லை. நாடு முழுவதும் எடுத்தது 2012இல். மென்பொருளிடம் விட்டால் 1981க்கும் 2012க்கும் இடையே நேர்கோடு போட்டு, யாழ்ப்பாணம் அமைதியாக மாறியதாகக் காட்டிவிடும். இடப்பெயர்வும் இறப்பும் அந்தக் கோட்டுக்குள் அழிந்துபோகும். அந்த ஆண்டுகளைச் சாம்பல் நிறத்தில் வெறுமையாக ஓட்டுவதே முறை. ஈழத் தமிழ் மாணவருக்கு இது வெறும் நுட்பப் பயிற்சி அல்ல. தன் ஊரின் வரலாற்றைப் பிழையின்றிச் சொல்லும் பொறுப்பு.

மொழி இரு பக்கமும் நேரத்தை நீட்டுகிறது. இலங்கையில் பொதுப் பயன்பாட்டுப் படத்துக்குச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் தேவைப்படும். ஒரு சட்டகம் இரண்டு நொடியில் மறைந்தால் எதையும் படித்து முடிக்க முடியாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஓசூருக்கும் இதே கணக்குதான். பெயர்களை நிலையாக நிறுத்தி, நிறத்தை மட்டும் மாற்றுவது நல்லது. சட்டகத்துக்குச் சட்டகம் பெயர் இடம் மாறித் துள்ளினால் கண் அதையே தொடரும்.

இரு நாட்டு ஆசிரியரும் பாடத்தின் வரிசையை மாற்றலாம்: முதலில் எல்லை வரலாறு, அடுத்து தரவின் இடைவெளி, கடைசியில் அசைவு. மதிப்பெண்ணும் அதே வரிசையில் அமையட்டும்.