நாலு தந்தி ஆட்டக்காரர்

1944 செப்டம்பர் 15, நியூயார்க். சவாய் நிறுவனத்துக்காக ஒரே நாளில் நாலு உருப்படிகள் பதிவாயின. குழுத் தலைவர் டைனி கிரைம்ஸ், எலெக்ட்ரிக் கிதார். சாக்ஸபோன், 24 வயது சார்லி பார்க்கர். அந்த நாளைப் பற்றி எழுத வருகிறவர்கள் பார்க்கரைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாம் ஸ்கோரைப் பார்ப்போம். நாலில் இரண்டு வெறும் வாசிப்பு. 'டைனிஸ் டெம்போ', 'ரெட் கிராஸ்'. பீபாப் என்று பின்னாளில் பெயரெடுத்த புது ஜாஸின் தலைவாசல் அவை. மற்ற இரண்டிலும் கிரைம்ஸே பாடுகிறார். அதில் ஒன்று, காசில்லாத காதலை நக்கலடிக்கும் பாட்டு. கேட்கிறவன் கால் சும்மா இருக்காது. இரண்டுக்கு இரண்டு, சரிசமம். அந்த ஒரு நாளிலேயே மனுஷன் முழுசாகத் தெரிந்துவிடுகிறார்.

அதற்குச் சில வருஷம் முன்புவரை ஜாஸ் குழுவில் கிதாருக்கு என்ன வேலை? ட்ரம்பெட்டும் சாக்ஸும் முழங்குகிற இடத்தில் அதன் சத்தம் எடுபடாது. தாளத்துக்கு உரசிக்கொண்டு ஓரத்தில் உட்கார வேண்டியதுதான். 1936-இல் கிப்சன் நிறுவனம் இ.எஸ். 150 என்ற எலெக்ட்ரிக் கிதாரை விற்பனைக்கு விட்டது. 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் அதை வைத்து, ஒற்றை ஒற்றை ஸ்வரமாக, சாக்ஸுக்கு இணையாக வாசித்துக் காட்டினார். 1942-இல் காசநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 25.

கிரைம்ஸ் 1916-இல் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் பிறந்தவர். ட்ரம்ஸும் பியானோவும் வாசித்துவிட்டு, 1938 வாக்கில்தான் கிதாரைத் தொட்டார். அதுவும் ஆறு தந்திக் கிதார் இல்லை, நாலு தந்தி டெனர் கிதார். அடித்தந்தி இரண்டும் இல்லாததால் கீழ் ஸ்தாயிக்கு இறங்கி ஒளிய இடமே கிடையாது. நாலு தந்திக்குள் மேலேயே நின்று, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி முடிக்கிறார். 1943-இல் பியானோ மேதை ஆர்ட் டேட்டம் தன் மூவர் குழுவுக்கு இவரை எடுத்துக்கொண்டார். டேட்டமின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவரோடு போட்டிக்கு ஓடாமல், அவர் மூச்சு விடுகிற இடம் பார்த்து இவர் நுழைகிறார். அந்தப் பதிவுகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த நுழைவைத்தான்.

தந்தியைக் குறைத்துச் சாதித்தவர் நமக்கும் ஒருவர் உண்டு. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், எட்டுத் தந்தி ஜோடி ஜோடியாகக் கட்டிய வாத்தியத்தை ஒதுக்கிவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்தி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு வந்தார். ஒற்றைத் தந்தியை இழுத்து கமகம் பிடிக்கலாம். மின்சாரம் இருந்ததால் நாதம் சட்டென்று சாகவில்லை. 1983-இல் பெர்லின் ஜாஸ் விழா வரைக்கும் அதைக் கொண்டுபோனார். மின்சாரத்தைச் சத்தம் கூட்டுகிற சாமானாக மட்டும் பார்க்காதவர்கள் இவர்கள் இருவரும்.

கிரைம்ஸின் மறுபாதி ஜம்ப் ப்ளூஸ். அது நாற்பதுகளில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் சிறுத்து, ஏழெட்டுப் பேராகி, ஆட வந்த கூட்டத்துக்காக வாசித்த இசை. ஷஃபிள் நடை: ஒரு அடியை மூன்றாகப் பிரித்து, நடுவை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் தட்டுவது. நம்மூர் தவில்காரரைக் கேட்டால் திஸ்ரம் என்று தொடையில் தட்டிக் காட்டிவிடுவார். பன்னிரண்டு பாருக்கு (தாளக்கட்டத்துக்கு) ஒரு சுற்று, திரும்பத் திரும்ப. இங்கே புத்திசாலித்தனம் காட்டினால் கூட்டம் நகர்ந்துவிடும்.

விருதுநகர் பங்குனிப் பொங்கலிலும் சிவகாசி சித்திரைப் பொங்கலிலும் இன்னிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெடியாபீஸிலும் தீப்பெட்டியாபீஸிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிற கூட்டம் அது. அம்மன் பாட்டில் ஆரம்பித்து, எம்.ஜி.ஆர். பாட்டுக்குப் போய், துண்டுச் சீட்டு மேடை ஏறியதும் குத்துப் பாட்டுக்கு இறங்கியாக வேண்டும். லீட் கிதார்காரர் அதே கையால்தான் எல்லாவற்றையும் வாசிக்கிறார். பாடகர் பெயர் போஸ்டரில் இருக்கும், இவர் பெயர் இருக்காது. கூட்டத்துக்கு வாசிப்பது மட்டமான வேலை என்ற எண்ணம் நம் விமர்சகர்களுக்கும் உண்டு, அமெரிக்க விமர்சகர்களுக்கும் உண்டு.

கிரைம்ஸ் அடி வாங்கியது அங்கேதான். பார்க்கரோடு வாசித்தவர், நாற்பதுகளின் கடைசியில் 'ராக்கிங் ஹைலேண்டர்ஸ்' என்று குழு அமைத்து, எல்லோருக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களின் கட்டம் போட்ட பாவாடையை மாட்டிவிட்டார். 'லாக் லோமண்ட்' என்ற ஸ்காட்லாந்து நாட்டுப்பாட்டை ஷஃபிளில் அடித்தார். சாக்ஸில் ரெட் பிரைசாக் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கதறுவார். கோமாளித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாவாடையைப் பார்த்தவர்கள் விரலைப் பார்க்கவில்லை. பிரைசாக் கதறி ஓய்ந்ததும் கிதார் தனியாக எடுக்கிற இடத்தைக் கேளுங்கள்: டேட்டமோடு வாசித்த அதே சின்ன வாக்கியங்கள், அதே தெளிவு. அடியில் ஓடும் தாளம்தான் வேறு. டெஸ்ட்டுக்கும் டி20-க்கும் மட்டையை மாற்றாமல் இறங்குகிற ஆள் இவர்.

1952 மார்ச் 21 அன்று கிளீவ்லாந்தில் ஆலன் ஃப்ரீட் நடத்திய 'மூன்டாக்' நிகழ்ச்சியை முதல் ராக் அண்ட் ரோல் கச்சேரி என்பார்கள். அதன் விளம்பரத்தில் கிரைம்ஸ் குழுவின் பெயரும் இருந்தது. அரங்கம் கொள்ளாத கூட்டம் முட்டி மோதியதில், ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே போலீஸ் நிறுத்திவிட்டது. (இரவு பத்துக்கு மைக்கை அணைக்கச் சொன்னாலே நம்மூரில் எழுகிற முணுமுணுப்பை நினைத்துக்கொண்டேன்.) சில காலம் 'ஸ்க்ரீமிங்' ஜே ஹாக்கின்ஸ் இவர் குழுவில் பாடினார். 1958-இல் சாக்ஸ் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸோடு சேர்ந்து 'ப்ளூஸ் குரூவ்' ஆல்பத்துக்கு வாசித்தார். அதில் அவசரமே இல்லாத ப்ளூஸ். 1989-இல் காலமானார்.

தரவரிசை போடச் சொன்னால் கிறிஸ்டியனுக்குக் கீழேதான் கிரைம்ஸை வைப்பேன். புதுப் பாதை வெட்டியவர் கிறிஸ்டியன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பொங்கல் மேடைக்கு ஒருவரைத்தான் கூப்பிட முடியும் என்று கமிட்டியில் சொன்னால், என் சீட்டில் கிரைம்ஸ் பெயர்தான் இருக்கும். பாவாடையோடு வந்தாலும் சரி.