முறுக்குப் பாக்கெட்டின் பொடி எழுத்து

வேஸ்ட்லைன் என்ற இலவசக் கலோரி செயலியில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். விளம்பரம் கிடையாது. பாக்கெட்டின் பார்கோடைக் கேமரா முன் காட்டினால் சர்க்கரை, கொழுப்பு, புரதம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அந்த எண்கள் 2012இல் பிரான்சில் தொடங்கிய ஓபன் ஃபுட் ஃபாக்ட்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்திலிருந்து வருபவை. அதற்காக முகம் தெரியாத ஒரு தன்னார்வலர் மொறமொறக்கும் பளபள உறையை விரலால் நீவி, பொடி எழுத்து தெளியும்வரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படமெடுத்திருப்பார். கூலியில்லாத வேலை, ஆனாலும் புள்ளி இடம் மாறிவிடக் கூடாதே என்ற கவனம்.

இந்தச் செயலிக்கு நிரல் எழுதுகிறவர்களின் பொறுமையும் அதே ஜாதி. சொந்த நேரத்தில் உட்கார்ந்து, அரைப் பாக்கெட் தின்றவருக்கும் கணக்குச் சரியாக வர வேண்டும் என்று ஒரு வகுத்தலை மெருகேற்றுகிறார்கள். மூலநிரலை யாரும் திறந்து பார்க்கலாம். உங்கள் ஊர் முறுக்குப் பாக்கெட் அந்தத் தரவுத்தளத்தில் இல்லையென்றால், படமெடுத்துச் சேர்த்துவிடுங்கள்.