கொடுக்க வந்தவரும் கரிசல் பிள்ளைகளும்

கல்வி எட்டாத ஊர்களுக்குத் தாமே விரும்பிச் சென்று, சில வாரங்களோ மாதங்களோ பாடம் சொல்லித் திரும்பியவர்கள் எழுதும் அனுபவ நூல்கள் உலகெங்கும் பெருகியுள்ளன. கென்யாவின் மாசாய் மக்களிடையே சென்று வந்தோர் எழுதுபவை அவற்றுள் ஒரு தனி வகை எனலாம். மாடு மேய்க்கும் அம்மக்களின் பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, நடுவே வந்த ஆசிரியர் நிற்கும் படம் ஒன்று அவற்றில் பெரும்பாலும் இருக்கும். அப்படத்தில் பெயருள்ளவர் ஒருவரே.

இத்தகைய எழுத்தை உரைத்துப் பார்க்க நாம் ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் பூமியிலேயே உரைகல் கிடக்கிறது.

1990களில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் பரவிய அறிவொளி இயக்கத்தை முதலில் நினைவுகூர்வோம். எழுத்தறிந்த இளைஞரும் இளம்பெண்களும், காட்டுவேலை முடிந்து வந்தோர்க்கு இரவில் ஊதியமின்றிப் பாடம் நடத்தினர். அவர்களுள் பெரும்பாலோர் அந்தந்த ஊராரே. ஆகவே மாசாய்ப் பயணிகளோடு அவர்களை ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. பாடநூலும் அகரத்தில் தொடங்கவில்லை, ‘பட்டா’ என்ற சொல்லில் தொடங்கியது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெயிரேயின் சிந்தனை அதன் பின்னே நின்றது. வானம் பார்த்த பூமியில் அரைக் குறுக்கம் நிலத்தை வைத்துக்கொண்டு அல்லாடும் ஓர் உழவனுக்கு இதைவிடப் பொருத்தமான முதற்சொல் ஏது?

அஞ்சல் துறையிலிருந்து இப்பணிக்கு வந்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் இயக்க அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்ற நூலாக்கினார். அவருடைய உழைப்பை நாம் மதிக்கிறோம். எனினும் அந்தத் தலைப்பிலும் இயக்கத்தின் பெயரிலும் உள்ள உருவகம் நம்மை உறுத்துகிறது. எழுத்தறியாதவன் இருளில் இருக்கிறானா? அரசாங்கத் தாள்களில் கைநாட்டு வைத்த நம் பாட்டிமார் பலர், வீட்டில் அரபுத்தமிழ் ஏடுகளைத் தடையின்றி வாசித்தவர்கள் அல்லவா? அவர்களையும் தற்குறி என்றே ஊர் எண்ணியது.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் 1923இல் பிறந்த கு. அழகிரிசாமி எழுதிய ‘அன்பளிப்பு’ என்ற சிறுகதையை இங்கே எடுத்துக்கொள்கிறோம். அதில் ஆசிரியர் என்று யாரும் இல்லை. பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டு வந்து கொடுக்கும் ஒரு நல்ல மனிதர் இருக்கிறார், அவ்வளவுதான். அவர் கொடுக்கிறார், பிள்ளைகள் குதிக்கிறார்கள், அவர் மகிழ்கிறார். மாசாய் நூல்களை எழுதுவோர் இந்த இடத்தில் கதையை முடித்திருப்பார்கள். அழகிரிசாமிக்கோ கதை இங்கேதான் தொடங்குகிறது. கூட்டத்தில் சாரங்கன் என்றொரு பையன். அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கொடுத்தவர் அதைக் கவனிக்கவும் இல்லை. அவனோ அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் உபசரிக்கிறான். பிறகு தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவர் தனக்கு அன்பளித்ததாக அதில் எழுதித் தரச் சொல்கிறான்.

கொடுப்பவரின் நல்லெண்ணத்தை இக்கதை ஐயுறவில்லை. கொடுக்கும் மகிழ்ச்சியில் அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு பிள்ளையை மட்டும் காட்டுகிறது. அந்தப் பிள்ளைக்குப் பெயரும் வீடும் மானமும் உண்டு. 1970இல் இத்தொகுதிக்குச் சாகித்திய அக்காதெமி பரிசு அறிவிக்கப்பட்டபோது ஆசிரியர் உயிரோடில்லை.

அதே இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் கதை வேறு. மழைக்குத்தான் பள்ளிக்கூடம் ஒதுங்கியதாகத் தம்மைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டவர் அவர். படிப்பைப் பாதியில் விட்ட அவர், கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றை உருவாக்கினார். பின்னர் 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு ஒருவர் பாடம் சொல்லப் போன நிகழ்ச்சி இது. ‘இருள்’ என்ற உருவகத்தை நாம் ஏன் ஒப்பவில்லை என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறோம். சேவைக்குச் சென்றோர் எழுதும் நூல்களின் இறுதி அத்தியாயம் எப்போதும் பிரியாவிடைதான்: கண்ணீர், கையசைப்பு, புழுதி கிளப்பிப் போகும் வண்டி. அதற்கு மறுநாளை எவரும் எழுதுவதில்லை. பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படம் அந்த மறுநாட்களைத்தான் காட்டியது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியுமுன் வந்து நிற்கிறது. பள்ளிக்கூடம் போக வேண்டிய பெண்பிள்ளை தூக்கக் கண்ணோடு அதில் ஏறுகிறாள்.