எண்ணிக்கையும் எண்ணமும்

பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் அமெரிக்க பௌலிங் ஆட்டத்தில், லீக் ஆட்டக்காரரிடையே ஒரு வழக்கு தீராமல் நிற்கிறது. எளிதில் புள்ளி குவியும் வழியிருக்க, வேண்டுமென்றே கடின வழியில் ஆடிக் குறைந்த புள்ளி எடுப்பவன் நேர்மையாளனா, வீம்பனா? வெறும் விளையாட்டுப் பேச்செனத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

சூட்சுமம் எண்ணெயில் இருக்கிறது. எறியும் கோட்டிலிருந்து முதற்கட்டை வரை 60 அடி. தடத்தின் அகலம் 39 பலகைகள். மரத்தைக் காப்பதற்கெனப் பூசத் தொடங்கிய எண்ணெயே பின்னர் ஆட்டத்தை ஆளலாயிற்று. வழக்கமான லீக் தடத்தில் ஓரங்களைவிட நடுவே பத்து மடங்கு வரையிலும் எண்ணெய் மிகுந்திருக்கும். கை தவறி ஓரம் சென்ற பந்தை உலர்ந்த பலகை பற்றித் திருப்பிவிடுகிறது. உள்ளே தவறியதோ வழுக்கிக்கொண்டு இலக்கைச் சேர்கிறது. பிழை செய்தவனுக்காகத் தடமே வக்காலத்து வாங்குகிறது! 'ஸ்போர்ட்' எனும் கடினத் தடத்தில் அவ்வேறுபாடு மூன்று மடங்குக்குள் அடங்கும்; அங்கே பிழை பிழையாகவே நிற்கும். அத்தடத்துச் சராசரியை உயர்த்திக் கணக்கிட ஆட்டச் சங்கத்தாரே அட்டவணை வகுத்தனர் என்றால், இரு தடத்துப் புள்ளியும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் கடினத்தை நாடுவோரை முழுதும் மெச்ச நாம் ஆயத்தமாயில்லை. தனியே பயில்பவன் எத்துணை அரிய வழியையும் மேற்கொள்ளட்டும். அணியில் அவன் எறியும் முறை தோழர்கள் ஒப்படைத்த அமானிதமாகும். எளிய தடத்தில் வளையாத பிளாஸ்டிக் பந்தை எறிந்து, கலைக்காகவே ஆடுகிறேன் என்பவன், பிறர் ஹக்கைத் தன் பெருமைக்குச் செலவிடுகிறான். வெண்பாவைப் புலவர்க்குப் புலி என்பர். ஆனால் அப்புலியோடு பொருதவன் பணயம் வைத்தது தன் பெயரையே, அடுத்த வீட்டானுடையதை அன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல லீக்குகளில் சராசரி குறைந்தவனுக்கு 'ஹேண்டிகேப்' எனும் ஈட்டுப் புள்ளி தருவர். அடிப்படை 220, விகிதம் 90 சதவீதம் எனில், 180 சராசரிக்காரன் ஆட்டத்துக்கு 36 புள்ளி பெறுவான். கடினமாக ஆடிச் சராசரியைத் தாழ்த்திக்கொண்டவன் ஒருநாள் எளிய வழிக்குத் திரும்பினால், அந்த 36-இல் ஒரு பகுதி எதிரணியிடம் கவர்ந்ததாகாதோ? அவன் நிய்யத் தூயதாயிருக்கலாம். கணக்கேட்டில் நிய்யத்துக்கெனத் தனிப் பத்தி இல்லை.

ஆகவே தனியொருவனைக் குறை கூறுவதைவிட லீக்கையே நாம் கேட்க வேண்டியிருக்கிறது. பருவத் தொடக்கத்தில் அனைவரும் கூடிப் பேசிக் கடினத் தடத்தை ஏற்றால், தாழ்வது எல்லோருடைய எண்ணுமே. தோழனுக்கும் இழப்பில்லை, எதிரிக்கும் இழப்பில்லை. பிறகும் தயங்குவார்களேயானால், 220 என்று சொல்லிப் பழகிய நாவுக்கு 190 என்று சொல்ல மனம் வரவில்லை என்பதைத் தவிர, அத்தயக்கத்துக்கு வேறு காரணம் நமக்குத் தென்படவில்லை.